டெக்ஸாஸ் பார்பெக்யூ: முதல் தடவை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆஸ்டின் பக்கம் குடிவந்ததிலிருந்து வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது குறைந்ததே இல்லை. வந்த இரண்டாம் நாளே "இங்க பார்பெக்யூ ரொம்பப் பேர் போனதாமே?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கும் சைவக்காரர்களுக்கும் தேவையானது பாதிக்குக் கீழே இருக்கிறது.

பார்பெக்யூன்னா கரி அடுப்புல சுடறதுதானே? அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் போகணும்?

கரி அடுப்பின் மேல் கம்பி வலை வைத்துப் பத்து, இருபது நிமிடத்தில் சுட்டெடுப்பதற்கு இங்கே கிரில் என்று பெயர். டெக்ஸாஸ்காரர்கள் பார்பெக்யூ என்று சொல்வது வேறு. நீளமான இரும்பு உருளை ஒன்று. அதன் ஒரு கோடியில் விறகு எரியும், இறைச்சி தள்ளி உள்ளே இருக்கும், மறுகோடியில் புகைபோக்கி. தீ இறைச்சியைத் தொடாது. சூடும் புகையும் மட்டும் அதன் மேல் தடவிக்கொண்டு போகும். உள்ளே வெப்பம் 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் வரைதான், அதாவது சுமார் 107 முதல் 135 செல்சியஸ். பெரிய துண்டு வேக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த அமைப்பைப் பிட் என்றும் அதைக் காவல் காப்பவரைப் பிட்மாஸ்டர் என்றும் சொல்கிறார்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்து விறகு தள்ளுகிற வேலை அது.

மத்திய டெக்ஸாஸில் விறகு என்றால் போஸ்ட் ஓக். மேற்கே போனால் மெஸ்கீட், கிழக்கே ஹிக்கரி. மெஸ்கீட் வேறு எதுவும் இல்லை, நம் சீமைக்கருவேலத்தின் சொந்தக்கார மரம்தான். அதை அறிந்தபோது என் மாமனார் முகத்தில் வந்த ஆச்சரியம், அன்றைக்குச் சாப்பிட்ட எதற்கும் வரவில்லை.

அமெரிக்கா முழுக்கத்தான் பார்பெக்யூ கடை இருக்கே, டெக்ஸாஸ்னு ஏன் தனியாச் சொல்றாங்க?

ஊருக்கு ஊர் ஒரு பாணி. வட கரோலினாவின் கிழக்கில் முழுப் பன்றியைச் சுட்டு, வினிகரும் மிளகாயும் கலந்த தண்ணீர்ச் சாஸ் ஊற்றுவார்கள். தென் கரோலினாவில் கடுகுச் சாஸ். மெம்ஃபிஸில் மசாலாப் பொடி தடவிய பன்றி விலா. கான்சஸ் சிட்டியில் தக்காளியும் கரும்புப்பாகும் சேர்ந்த கெட்டியான இனிப்புச் சாஸ். அலபாமாவில் மயோனெய்ஸ் சேர்த்த வெள்ளைச் சாஸ். கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் செம்மறி ஆட்டுக்கறி. நம்மவர்கள் பலர் அங்கேதான் போயிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

டெக்ஸாஸின் அடையாளம் மாடு. அதிலும் ஆஸ்டினைச் சுற்றியுள்ள ஊர்களின் பாணி, 19-ம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்களின் கடைகளிலிருந்து வந்தது. விற்காத துண்டுகளைப் புகையில் போட்டும், சாசேஜ் செய்தும் வைப்பார்கள். பருத்தி பறிக்க வந்த கூலியாட்கள் வாங்கி, கட்டிக்கொடுத்த காகிதத்திலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். மசாலா உப்பும் மிளகும் மட்டும்தான். கறுப்பின, மெக்சிகோ உழைப்பாளிகளின் கைப்பழக்கமும் அந்த அடுப்புகளில் கலந்திருக்கிறது.

பிரிஸ்கெட் பிரிஸ்கெட்னு உயிரை விடறாங்களே, அது மாட்டுல எந்தப் பாகம்?

நெஞ்சுப் பகுதி. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. அதனால் நிற்கும்போதும் நடக்கும்போதும் உடம்பின் எடையில் பெரும்பங்கை இந்தத் தசைகள்தான் தாங்குகின்றன. உழைத்த தசை என்பதால் நார் அதிகம். அவசரமாகச் சமைத்தால் செருப்புத் தோல்தான். மெதுவான சூட்டில் வைத்தால் அந்த நாரில் உள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டியாவதும் இதே ஜெலட்டினால்தான்.

நடுவில் ஒரு வேடிக்கை நடக்கும். இறைச்சியின் உள்வெப்பம் 150, 160 டிகிரி ஃபாரன்ஹீட் வந்ததும் அங்கேயே மணிக்கணக்கில் நின்றுவிடும். வியர்வை உடம்பைக் குளிர வைப்பதுபோல மேற்பரப்பில் ஆவியாகும் ஈரம் சூட்டை வாங்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம். அவசரக்காரர்கள் தீயைக் கூட்டுவது இந்த இடத்தில்தான். தெரிந்தவர்கள் காகிதத்தில் சுற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். கடைசியில் 200 டிகிரியைத் தொட்டு, அதாவது 93, 95 செல்சியஸில் இறக்கி, பல மணி நேரம் இளஞ்சூட்டில் ஓய்வுக்கு வைக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இது மலிவான துண்டு. பழைய கடைகளில் முன்னந்தோள் கறிதான் பிரதானம். பிரிஸ்கெட் ராஜாவானது 20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில்.

வெட்டினதும் ஓரத்துல ரோஸ் கலரா இருக்கே, வேகலையா?

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. வெந்துவிட்டது. நன்றாகவே வெந்துவிட்டது, போன பதிலில் சொன்ன 200 டிகிரியைப் பாருங்கள். விறகுப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சியின் நிறமியான மயோகுளோபினோடு சேர்ந்துவிடுகின்றன. அப்படிச் சேர்ந்த நிறம் சூட்டிலும் மாறாது. கரிய மேல்தோலுக்குக் கீழே கால் அங்குல ரோஸ் வளையம் தெரிவது அதனால்தான். வான்கோழி, கோழியிலும் இப்படி வரும். அந்த வளையத்துக்கென்று தனிச் சுவை எதுவும் கிடையாது, படத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

மேலே கருகிப்போன மாதிரி இருப்பதையும் ஒதுக்காதீர்கள். அதைப் பார்க், அதாவது மரப்பட்டை, என்கிறார்கள். மிளகும் உப்பும் கொழுப்பும் புகையும் மணிக்கணக்கில் இறுகி வந்த அந்தப் பொருக்குதான் மொத்தத் துண்டிலும் ருசியான இடம்.

சரி, எந்தக் கடைக்குப் போறது? ஒரே ஒரு பேர் சொல்லுங்க போதும்.

ஒரே ஒரு பெயர் சொல்ல மாட்டேன். யாரோடு, என்றைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

ஆஸ்டின் நகருக்குள் பெரிய பெயர் ஃபிராங்க்ளின் பார்பெக்யூ. 2009-இல் ஒரு டிரெய்லரில் ஆரம்பித்த கடை. அதை நடத்தும் ஆரன் ஃபிராங்க்ளினுக்கு 2015-இல், அமெரிக்கச் சமையல்காரர்கள் பெரிதாக மதிக்கும் ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. 2024-இல் மிஷெலின் கையேடு முதல்முறையாக டெக்ஸாஸுக்கு வந்தபோது நான்கு பார்பெக்யூ கடைகளுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். லா பார்பெக்யூ, இன்டர்ஸ்டெல்லர், லெராய் அண்டு லூயிஸ் மூன்றும் ஆஸ்டினில். கார்க்ஸ்க்ரூ ஹூஸ்டனுக்கு வடக்கே ஸ்பிரிங்கில். அதற்கப்புறம் இவற்றில் கூட்டம் கூடிவிட்டது.

என்னிடம் கேட்டால் காரை எடுத்துக்கொண்டு லாக்ஹார்ட் போங்கள். ஆஸ்டினுக்குத் தெற்கே சுமார் 30 மைல். பார்பெக்யூ தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றமே அறிவித்த ஊர். 1900-இல் தொடங்கிய க்ரூட்ஸ் மார்க்கெட், 1932-இல் தொடங்கிய பிளாக்ஸ், பிறகு ஸ்மிட்டிஸ், எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில். 1999-இல் க்ரூட்ஸை நடத்திய ஷ்மிட் குடும்பத்தில் பாகம் பிரிந்தபோது பழைய கட்டடம் சகோதரிக்குப் போய் ஸ்மிட்டிஸ் ஆனது. சகோதரர் பழைய அடுப்பின் தணலைத் தொட்டியில் அள்ளித் தெருவழியே இழுத்துக்கொண்டு போய்ப் புதுக் கட்டடத்தில் க்ரூட்ஸின் அடுப்பை ஏற்றினார். ஸ்மிட்டிஸில் நுழையும்போதே தரை மட்டத்தில் எரியும் தீயைத் தாண்டித்தான் போக வேண்டும், சுவரெல்லாம் நூறு வருடப் புகைக்கரி. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்கே டெய்லர் என்ற ஊரில் 1949 முதல் லூயி முல்லர். லெக்சிங்டனில் ஸ்னோஸ், அது சனிக்கிழமை மட்டும், காலை 8 மணிக்குத் திறக்கும். காலை எட்டு மணிக்குப் பிரிஸ்கெட்டா என்று கேட்பவர்கள் அங்கே போக வேண்டாம்.

மூணு மணி நேரம் வரிசைல நிக்கணுமாமே? வேற வழியே இல்லையா?

மேலே சொன்ன ஆஸ்டின் கடைகளில் வார இறுதி என்றால் நிற்கத்தான் வேண்டும். ஃபிராங்க்ளினில் பகல் 11 மணிக்குத்தான் விற்பனை, ஆனால் காலை 8 மணிக்கே வாசலில் மடக்கு நாற்காலிகள் முளைத்திருக்கும். திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய், புதன் காத்திருப்பு நன்றாகக் குறையும், மழை தூறினால் இன்னும் குறையும். பல கடைகள் முன்கூட்டியே மொத்தமாக ஆர்டர் எடுக்கின்றன. ஆறேழு பேர் என்றால் அந்த வழி பாருங்கள். லாக்ஹார்ட்டில் வார நாளில் 11 மணிக்குப் போனால் பத்து நிமிடத்தில் கையில் கிடைத்துவிடும். இரண்டுக்கும் சுவையில் வித்தியாசம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மூன்று மணி நேர வித்தியாசம் இருக்கிறதா என்றால், என் நாக்குக்குத் தெரியவில்லை.

நிற்பதென்று முடிவுசெய்தால் தொப்பி, தண்ணீர், நாற்காலி மூன்றும் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். ஒருவரை நிறுத்திவிட்டு மற்ற ஏழு பேர் கடை திறக்கும் நேரத்துக்கு வந்து நுழைவது இங்கே மரியாதைக் குறைவு, பின்னால் நிற்பவர் சொல்லியே காட்டுவார். கழிப்பறைக்குப் போய்வரப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம், அதில் தவறில்லை. வரிசையில் பேச்சுக் கொடுப்பதும் வழக்கம்தான்.

கவுன்டர்ல போய் நின்னதும் என்ன சொல்றதுன்னே தெரியல. பின்னாடி அம்பது பேர் நிக்கறாங்க, பயமா இருக்கு.

பயப்பட ஒன்றும் இல்லை. கத்தியோடு நிற்பவர் முதலில் கேட்பது "லீனா, மாய்ஸ்ட்டா?" என்பதுதான். பிரிஸ்கெட்டில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். லீன் என்பது தட்டையான, கொழுப்புக் குறைந்த பக்கம். மாய்ஸ்ட் அல்லது ஃபேட்டி என்பது தடித்த, கொழுப்பு ஓடிய பக்கம். முதல் தடவை மாய்ஸ்ட் கேளுங்கள். கொலஸ்ட்ரால் கவலை இருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தை மாற்றாதீர்கள். லீன் நன்றாக வரும் கடைகள் குறைவு; ஆறிப்போனால் வறண்டுவிடும்.

விற்பது எடைக்கணக்கில். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். கால் பவுண்டு, அரைப் பவுண்டு என்று கேட்கலாம், "ரெண்டு துண்டு" என்றும் கேட்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சாசேஜும் பன்றி விலாவும் எண்ணிக்கையில் கிடைக்கும். வெட்டும்போதே சில கடைகளில் ஒரு துணுக்கை எடுத்துத் தட்டில் வைப்பார்கள், அது கொசுறு. அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளலாம்.

நாலு பேருக்கு எவ்வளவு வாங்கணும்? எவ்வளவு ஆகும்?

ஆளுக்கு அரைப் பவுண்டு இறைச்சி என்று இங்கே கணக்கு. நம்மவர்களுக்கு அது அதிகம், ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். நான் வழக்கமாக நாலு பேருக்கு வாங்குவது: மாய்ஸ்ட் பிரிஸ்கெட் முக்கால் பவுண்டு, வான்கோழி கால் பவுண்டு, சாசேஜ் இரண்டு, பன்றி விலா இரண்டு, பக்க உணவு இரண்டு. பசி மிச்சம் இருந்தால் ஒருவர் மறுபடி போய் வாங்கலாம். பல கடைகளில் இரண்டாம் முறைக்குத் தனிச் சிறு வரிசை உண்டு.

பெயர் எடுத்த கடைகளில் பிரிஸ்கெட் பவுண்டுக்கு 30 டாலரைத் தாண்டிவிட்டது. மேலே சொன்ன பட்டியல் 80 டாலரை நெருங்கும், அதற்குமேல் 8.25 சதவீதம் விற்பனை வரி. பெரிய மாட்டு விலா ஒன்றை ஆசையாக எடுத்து வைக்கச் சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எலும்போடு ஒரு விலாவே ஒரு பவுண்டுக்குமேல் நிற்கும். அந்த ஒரு எலும்பே 35, 40 டாலர் ஆகிவிடும். நாலு பேர் பங்கு போட்டால் சரி, ஆளுக்கொன்று என்பது நடக்கிற காரியம் இல்லை.

தட்டு இல்லையா? பேப்பர்லயே வச்சுத் தர்றாங்க!

முன்பு சொன்ன கசாப்புக் கடை வழக்கத்தின் மிச்சம் அது. காகிதம்தான் தட்டு. கையால் சாப்பிடலாம், அதில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. க்ரூட்ஸில் நெடுங்காலம் முள்கரண்டியே கொடுக்காமல் கத்தி மட்டும் கொடுத்தார்கள். கூடவே வரும் வெள்ளை ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம் பெரும்பாலும் இலவசம். கொழுப்பு நாக்கில் படிந்ததும் ஒரு வெங்காயம், ஒரு வெள்ளரி என்று மாற்றி மாற்றிக் கடியுங்கள். அலங்காரத்துக்கு வைத்ததல்ல அவை.

சாஸ் கேட்டா தப்பா நினைப்பாங்களா?

நினைக்க மாட்டார்கள். மேசையிலேயே பாட்டில் இருக்கும் கடைகள்தான் இன்றைக்கு அதிகம். முதல் இரண்டு வாய் எதுவும் இல்லாமல் சாப்பிடுங்கள். அப்புறம் உங்கள் இஷ்டம். லீன் துண்டு வறண்டிருந்தால் சாஸ் உதவும், நன்றாக வந்த மாய்ஸ்ட் துண்டுக்குத் தேவைப்படாது.

நாங்க மாட்டுக்கறி சாப்பிட மாட்டோம். எங்களுக்கு அங்க என்ன இருக்கு?

வான்கோழி நெஞ்சுக்கறி இருக்கிறது, கோழி இருக்கிறது, பன்றி விலா இருக்கிறது. வான்கோழியைக் குறைத்து நினைக்காதீர்கள். வெண்ணெயும் மிளகும் தடவிப் புகையில் வேகவைத்த வான்கோழி நல்ல கடையில் ஈரமாக, மிருதுவாக இருக்கும். மாட்டுக்கறி சாப்பிடும் என் நண்பர்களே அதைத் தேடிப் போகிறார்கள்.

ஆனால் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனம் ஒப்பாது. சாசேஜில் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்திருக்கும். வெட்டும் பலகையும் கத்தியும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பலகையைத் துடைத்துவிட்டு வெட்டச் சொன்னால் செய்வார்கள், தனிப் பலகை கிடைக்காது. பிட்டும் பொது, சில கடைகளில் சுற்றும் காகிதத்திலும் மாட்டுக்கொழுப்புத் தடவுவார்கள். "நான் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்" என்கிறவர்களுக்கு இது பிரச்சினை இல்லை. ஒட்டவே கூடாது என்கிறவர்களுக்கு இந்தக் கடைகள் சரிப்படாது. சங்கடத்துக்காகக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்காதீர்கள்.

அம்மா சுத்த சைவம். பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் இருக்காமே, கூட்டிட்டுப் போகலாமா?

பீன்ஸை நம்பாதீர்கள். பிரிஸ்கெட் ஓரத்துண்டுகளோ பன்றி பேக்கனோ போட்டுத்தான் பெரும்பாலான கடைகளில் வேகவைக்கிறார்கள். கீரை என்று பார்த்துச் சந்தோஷப்படும் காலர்ட் கிரீன்ஸிலும் பன்றிக்கறி இருக்கும். சோள ரொட்டியிலும் பை என்கிற இனிப்பின் மேலோட்டிலும் பன்றிக்கொழுப்பு சேர்க்கிறவர்கள் உண்டு. உருளைக்கிழங்கு சாலட், கோல்ஸ்லா என்கிற முட்டைக்கோஸ் சாலட் இரண்டிலும் மயோனெய்ஸ், அதாவது முட்டை. மக்ரோனி சீஸ் மட்டும் ஓரளவு பாதுகாப்பு, அதிலும் பேக்கன் தூவுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, முட்டையும் சாப்பிடாத அம்மாவுக்கு மிஞ்சுவது ரொட்டி, வெங்காயம், ஊறுகாய். அதோடு புகை வாசனையும் கண்ணெதிரே தெரியும் இறைச்சிக் குவியலும். என் சித்தி ஒருமுறை பிடிவாதமாக வந்தார். ஐந்து நிமிடத்தில் வெளியே மரத்தடி மேசைக்குப் போய்விட்டார், கொண்டுவந்த தயிர்சாதத்தை அங்கே சாப்பிட்டார். ஆகவே வெளியே மேசை இருக்கும் கடையாகத் தேர்ந்தெடுங்கள், முதலில் அவருக்கு வயிறு நிரம்பட்டும்.

ஹலால் கிடைக்குமா? வான்கோழி மட்டும் வாங்கினா பரவாயில்லையா?

மேலே பெயர் சொன்ன கடைகள் எதுவும் ஹலாலுக்கென்று நடப்பவை அல்ல. வான்கோழியும் ஹலால் முறையில் அறுத்ததாக இருக்காது. பிட்டிலும் பலகையிலும் பன்றி உண்டு. முழு மாட்டிறைச்சி சாசேஜ் என்று எழுதியிருந்தாலும் மேலுறை பன்றிக்குடலாக இருப்பதே வழக்கம், இது பலருக்குத் தெரிவதில்லை. ஹூஸ்டன், டாலஸ் பகுதிகளில் முழுக்க ஹலாலாக, இதே டெக்ஸாஸ் பாணியில் பிரிஸ்கெட் செய்யும் கடைகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போது சாப்பிடுங்கள், ஆஸ்டினில் மனக்குறையோடு உட்கார வேண்டாம்.

காரமே இல்லையே, இதுக்கா இவ்ளோ பேச்சு?

உப்பு, மிளகு, புகை, நேரம். மொத்தச் செய்முறையும் இதுதான். மசாலா தேடிப் போகிறவர்களுக்கு முதல் வாயில் ஏமாற்றம் வருவது இயல்பு. ஹாலப்பினோ மிளகாய் ஊறுகாய் எல்லாக் கடையிலும் கிடைக்கும், சாசேஜிலேயே ஹாலப்பினோவும் சீஸும் சேர்த்த வகையும் உண்டு. பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் எடுத்த நண்பர் ஒருவரைக் கவுன்டர்காரர் ஆவலோடு கேட்டு வாங்கி ருசித்தார். தடை ஒன்றும் இல்லை.

டிப்ஸ் வைக்கணுமா? நாமதானே போய் வாங்கிக்கறோம்?

கவுன்டரில் கட்டாயம் இல்லை. திரை 18, 20, 25 சதவீதம் என்று காட்டும். நான் 10 சதவீதம் வைக்கிறேன், வெட்டிக்கொடுத்தவர் பொறுமையாகப் பேசினால் கூடுதலாக. மேசையில் வந்து பரிமாறும் கடை என்றால் 18 முதல் 20.

மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனோம், தீர்ந்துபோச்சுன்னுட்டாங்க. இவ்ளோ கூட்டம் வருதுன்னு தெரியும்ல, கூடுதலாச் செஞ்சா என்ன?

செய்ய முடியாது. இன்றைக்குப் பகல் 12 மணிக்கு விற்பது நேற்றே அடுப்பில் ஏறியது. தீர்ந்துவிட்டது என்று இப்போது ஒன்றை ஏற்றினால் நாளைக்குத்தான் இறங்கும். பிட்டுக்குள் இடமும் அவ்வளவுதான். பச்சையாக 12, 14 பவுண்டு இருக்கும் பிரிஸ்கெட், கொழுப்பு அரிந்து, வெந்து, நீர் வற்றி இறங்கும்போது கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மிஞ்சினால் மறுநாள் அந்தத் தரத்தில் விற்க முடியாது. அதனால் தீர்வதையே அவர்கள் விரும்புகிறார்கள்.

எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு சனிக்கிழமை, ஊரிலிருந்து வந்த நண்பர் குடும்பத்தோடு இரண்டரை மணி நேரம் நின்று, எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது பிரிஸ்கெட் முடிந்தது. சாசேஜும் ரொட்டியும் சாப்பிட்டுத் திரும்பினோம். கடைக்காரர்களில் சிலர் வரிசையில் நடந்து வந்து யார் யாருக்கு என்ன வேண்டும் என்று எண்ணி, எதுவரை கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்கள். அப்படி யாரும் வரவில்லையென்றால் நீங்களே போய்க் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

மீந்ததை எடுத்துட்டுப் போகலாமா? ஃபிளைட்ல விடுவாங்களா?

காரில் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும். மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பராகிவிடும். அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு, ஓவனில் மெதுவாகச் சூடாக்குங்கள். கொத்திப் போட்டு முட்டையோடு வதக்கினாலும் நன்றாக இருக்கும்.

அமெரிக்காவுக்குள் பறப்பதானால் சமைத்த இறைச்சியைக் கைப்பையில் கொண்டுபோகலாம். ஐஸ் பொதி வைத்தால் சோதனையின்போது அது முழுக்க உறைந்திருக்க வேண்டும். 100 மில்லிக்கு மேற்பட்ட சாஸ் பாட்டில் கைப்பையில் போகாது. ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு மட்டும் இறைச்சி எடுக்காதீர்கள், சுங்கத்தில் பறிபோகும்.

கூட்டம் இருக்குன்னு மட்டும் பார்த்து நம்பிடலாமா? நல்லதா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?

கூட்டம் சமூக ஊடகத்தாலும் வரும். துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பென்சில் கனத்துக்கு வெட்டிய துண்டை ஆள்காட்டி விரலின் மேல் மாலைபோலத் தொங்கவிட்டால் வளைய வேண்டும், அறுந்து விழக்கூடாது. இரு கையாலும் லேசாக இழுத்தால் பிரிந்து வர வேண்டும். தொங்கவிட்டதுமே உதிர்ந்தால் அதிகம் வெந்தது. இழுத்தும் ரப்பராக நீண்டால் வேகவில்லை. நடுவில் ஓடும் கொழுப்பு கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும், வெள்ளையாகக் கட்டியாக இருந்தால் அவசரமாக இறக்கிவிட்டார்கள்.

புகை நாக்கில் இனிப்பாக இறங்க வேண்டும். சாப்பிட்டுப் பத்து நிமிடம் கழித்தும் தொண்டையில் சாம்பல் கசப்பு நின்றால் விறகு மூச்சுத் திணறி எரிந்திருக்கிறது. புகைபோக்கியிலிருந்து அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் சந்தேகப்படலாம், நன்றாக எரியும் பிட்டில் புகை மெல்லிய நீலமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். இன்னொன்று, நீங்கள் கேட்ட பிறகுதான் கத்தி இறங்க வேண்டும். முன்பே வெட்டிக் குவித்து வைத்திருக்கும் கடையில் ஓரமெல்லாம் காய்ந்திருக்கும்.

எங்களுக்கு ஆஸ்டின்ல ஒரே ஒரு பகல்தான் இருக்கு. என்ன பண்ணலாம்?

வார நாளா, லாக்ஹார்ட். பத்தரைக்கு அங்கே இருங்கள். முதல் கடையில் பிரிஸ்கெட் அரைப் பவுண்டு, இரண்டாம் கடையில் சாசேஜ் இரண்டு, அவ்வளவுதான், நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கடைக்கும் நடுவே நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் வயிற்றில் கொஞ்சம் இடம் வரும். முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டவர்கள்தான் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று திரும்பி வருகிறார்கள்.

சனி, ஞாயிறு என்றால் திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். சாயங்காலம் விமானம் ஏறுகிறவர்கள் மாற்றுச் சட்டை ஒன்றைக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகை துவைக்காமல் போகாது.